கணிப்பொறியில் பாட்டு மாதிரி கேட்பது எப்படி?



அரிசி வாங்கப் போனால் இரண்டு மணியை வாயில் போட்டுக் கடித்துப் பார்க்கிறோம். துணி எடுக்கப் போனால் ஓரத்தைக் கசக்கிப் பார்க்கிறோம். பாட்டு விற்கும் வலைத்தளங்களும் இதே வசதியைத் தருகின்றன. முழுப் பாட்டையும் காசு கொடுத்து வாங்குமுன் அதில் ஒரு சிறு துண்டை இலவசமாகக் கேட்டுப் பார்க்கலாம். இதைத்தான் 'மாதிரி' என்று இக்கட்டுரையில் சொல்கிறேன். நம் வீட்டுக் கணிப்பொறியில் இந்த மாதிரிகள் ஒழுங்காக ஒலிக்க என்ன செய்ய வேண்டும், ஒலிக்காவிட்டால் பழுதை எப்படிக் கண்டுபிடிப்பது, ஏமாறாமல் இருப்பது எப்படி என்ற மூன்றையும் படிப்படியாகப் பார்ப்போம்.

இதை எழுதத் தூண்டியது ஒரு நிகழ்ச்சி. எங்கள் குடியிருப்பில் ஒரு நண்பரின் தாயார் இருக்கிறார். வயது எண்பத்திரண்டு. கும்பகோணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து, கணவர் காலமான பிறகு, மகனோடு இருக்க வந்தவர். அக்கம்பக்கத்து மொழி தெரியாது. நாகஸ்வரம் என்றால் உயிர். மகன் ஒரு நாள் கணிப்பொறியில் பழைய நாகஸ்வர இசைத்தட்டு ஒன்றின் மாதிரியைத் தேடிப் பிடித்து அழுத்தினார். சத்தம் வரவில்லை. பக்கத்திலேயே 'உங்கள் பிளேயர் பழையது, புதியதை இறக்கிக்கொள்ளுங்கள்' என்று பச்சைப் பொத்தான் ஒன்று மின்னியது. அதை அழுத்தினார். திரை முழுதும் சிவப்பாகி, சைரன் ஒலித்து, ஒரு தொலைபேசி எண் தெரிந்தது. அந்த எண்ணில் பேசிய ஆள் சொன்னபடியெல்லாம் செய்ததில் வங்கிக் கணக்கிலிருந்து பதினெட்டாயிரம் ரூபாய் போய்விட்டது. அன்றிலிருந்து கணிப்பொறிக்குத் துணி மூடிவிட்டார்கள். அந்த அம்மாளும் அதற்குப் பிறகு பாட்டுக் கேட்கவேண்டும் என்று வாய் திறக்கவில்லை.

பிறகு நான் போய்ப் பார்த்தபோது, உண்மையான பழுது மிகச் சிறியது என்று தெரிந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் அடிப்படை.

1. ஒலி எப்படி எண்ணாகிறது?

ஒலி என்பது காற்றின் அதிர்வு. அந்த அதிர்வை ஒரு நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாகக் குறித்து வைப்பதே கணிப்பொறியின் முறை. மனிதக் காது அதிகபட்சம் சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஓர் அதிர்வைச் சரியாகப் பிடிக்க அதன் வேகத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் அளக்க வேண்டும் என்பது விதி. ஆகவே 1982-இல் விற்பனைக்கு வந்த இசை சிடியில் நொடிக்கு 44,100 அளவுகள் என்று வைத்தார்கள். ஒவ்வோர் அளவுக்கும் 16 பிட். இடம், வலம் என்று இரண்டு தடங்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 44,100 × 16 × 2 = நொடிக்கு 14,11,200 பிட். முப்பது நொடி மாதிரிக்கு இது சுமார் 5.3 மெகாபைட். நம் நாட்டில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். தொடங்கியது. அந்தக் காலத்து மோடம் ஒன்றின் வேகம் நொடிக்கு 28,800 பிட் என்று வைத்துக்கொண்டால், சிடி தரத்தில் முப்பது நொடிப் பாட்டு வந்து சேர 24 நிமிடத்துக்கு மேல் ஆகும். தொலைபேசிக் கட்டணம் வேறு ஓடும்.

இந்தச் சுமையைக் குறைக்கத்தான் சுருக்கு முறைகள் வந்தன. அவற்றுள் புகழ்பெற்றது எம்பி3. பலத்த ஒலி ஒன்று கேட்கும்போது அதையொட்டிய மெல்லிய ஒலியை நம் காது கவனிப்பதில்லை. அப்படிக் காது விட்டுவிடும் பகுதிகளைச் சேமிக்காமல் விடுவதே இதன் அடிப்படை. எம்பி3-இல் பரவலாகக் கையாளப்பட்ட அளவு நொடிக்கு 1,28,000 பிட். அதாவது சிடியில் பதினொன்றில் ஒரு பங்கு. அதே முப்பது நொடி இப்போது 480 கிலோபைட்தான். பழைய மோடத்தில்கூட இரண்டேகால் நிமிடத்தில் வந்துவிடும். இன்றைய இணைப்பில் கண் இமைக்கும் நேரம். நூறு மாதிரி கேட்டாலும் 48 மெகாபைட்தான் செலவாகும்.

2. ஓடையும் தொட்டியும்

முழுக்கோப்பும் வந்து சேரும்வரை காத்திராமல், வர வர ஒலிக்கச் செய்யும் முறையை 1995 ஏப்ரலில் வெளியான ரியல்ஆடியோ பரவலாக்கியது. இதன் தந்திரம் நம் வீட்டு மேல்தொட்டியைப் போன்றது. குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வந்தாலும், தொட்டியில் கொஞ்சம் இருப்பு இருந்தால் கீழே சீராக விழும். கணிப்பொறியும் முதல் சில நொடிப் பாட்டைத் தொட்டியில் தேக்கிக்கொண்டு பிறகே ஒலிக்கத் தொடங்குகிறது. இத்தொட்டிக்கு 'பஃபர்' என்று பெயர். பாட்டு நடுவே திக்கித் திக்கி நின்றால் ஸ்பீக்கரைக் குறை சொல்லாதீர்கள். தொட்டி காலியாகிறது என்று பொருள். நிறுத்து என்ற பொத்தானை அழுத்தி, அரை நிமிடம் காத்து, மறுபடி ஓடவிடுங்கள்.

3. தனி பிளேயர் தேவையா?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஒரு காலத்தில் ஒவ்வொரு வலைத்தளத்துக்கும் ஒவ்வொரு பிளேயரை இறக்கிச் சேர்க்க வேண்டியிருந்தது உண்மை. ஒன்றுக்கு ரியல்பிளேயர், இன்னொன்றுக்குக் குயிக்டைம், வேறொன்றுக்கு ஃபிளாஷ். பிறகு வலைப்பக்கத்தின் மொழியிலேயே ஒலிக்கு இடம் கொடுத்தார்கள். எச்டிஎம்எல்5 என்னும் அந்த விதிமுறை 2014 அக்டோபரில் இறுதி வடிவம் பெற்றது. ஃபிளாஷுக்கு 2020 டிசம்பர் 31 அன்று மூடுவிழா நடந்தது.

ஆகவே இன்றைய குரோம், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ் ஆகிய எந்த உலாவியிலும் எம்பி3 மாதிரி தானாகவே ஒலிக்கும். தனியாக ஒன்றும் சேர்க்க வேண்டாம். 'பிளேயர் பழையது', 'ஃபிளாஷ் வேண்டும்', 'கோடெக் இல்லை' என்று ஒரு வலைப்பக்கம் சொன்னால் அது பொய் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

4. அமைத்துக்கொள்ளும் முறை

முதலாவது, கணிப்பொறியின் பின்புறம் அல்லது பக்கவாட்டில் உள்ள துளைகளைப் பாருங்கள். மேசைக் கணிப்பொறியில் நிறம் உண்டு. இளம்பச்சை, ஸ்பீக்கருக்கு. இளஞ்சிவப்பு, மைக்குக்கு. நீலம், வெளியிலிருந்து ஒலியை உள்ளே வாங்க. ஸ்பீக்கர் கம்பியைப் பச்சையில் அழுத்திச் செருகுங்கள். பாதி செருகினால் ஒரு பக்கம்தான் கேட்கும்.

இரண்டாவது, விண்டோஸ் 11 உள்ளவர்கள் விண்டோஸ் விசையையும் 'ஐ' எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் செட்டிங்ஸ் திறக்கும். அதில் சிஸ்டம், பிறகு சவுண்ட் என்று போங்கள். அவுட்புட் என்பதன் கீழ் எந்தக் கருவி தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அங்கே உங்கள் ஸ்பீக்கரின் பெயர் இருக்க வேண்டும்.

மூன்றாவது, உலாவியைப் புதுப்பித்து வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10-க்கான பொதுவான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அதைத் தாண்டி ஏற முடியாத பழைய கணிப்பொறி வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கி எறிய வேண்டாம். விவரம் தெரிந்த பிள்ளைகளைக் கொண்டு, கோப்புகளைப் பத்திரப்படுத்தியபின், லினக்ஸ் மின்ட் போன்ற இலவச அமைப்பைப் போட்டுக்கொள்ளலாம். பாட்டுக் கேட்க அது தாராளமாகப் போதும்.

நான்காவது, விஎல்சி என்ற இலவச பிளேயர் ஒன்றை மட்டும் வீடியோலேன் அமைப்பின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். தேடும்போது மேலே வரும் விளம்பரத்தை அழுத்தக் கூடாது. உலாவிக்கு இது தேவையில்லை. நாம் இறக்கி வைத்த கோப்புகளையும், பழைய வடிவங்களையும் கேட்க இது உதவும்.

5. சத்தம் வரவில்லையா? பழுது தேடும் முறை

ரயில்வேயில் ஒரு நீண்ட கம்பித்தடத்தில் பழுது என்றால், ஒரு முனையிலிருந்து ஒவ்வொரு கம்பமாகச் சோதித்துக்கொண்டு போவதில்லை. நடுவில் ஓரிடத்தில் சோதிப்போம். அங்கே மின்சாரம் இருந்தால் பழுது அப்பால், இல்லையென்றால் இப்பால். பாதி வேலை ஒரே சோதனையில் முடிந்துவிடும். கணிப்பொறிக்கும் இதே முறைதான்.

நம் தடம் இது: வலைத்தளம், உலாவி, விண்டோஸ், ஸ்பீக்கர். நடுக்கம்பம் எது தெரியுமா? மாதிரியை ஓடவிட்டதும் உலாவியின் மேல்வரிசையில் அந்தப் பக்கத்தின் பெயருக்கு அருகே ஒரு சின்ன ஸ்பீக்கர் படம் தோன்றும். அதைப் பாருங்கள்.

அந்தப் படம் தோன்றினால், வலைத்தளமும் உலாவியும் ஒலியை அனுப்புகின்றன. பழுது இப்பக்கம்தான். கீழ்க்கண்டவற்றை வரிசையாகப் பாருங்கள்.

அ) அந்தப் படத்தின்மேல் குறுக்குக் கோடு இருந்தால், அந்தப் பக்கத்தை யாரோ ஊமையாக்கியிருக்கிறார்கள். பெயரின்மேல் வலது பொத்தானை அழுத்தி 'அன்மியூட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

ஆ) திரையின் கீழ்மூலையிலுள்ள ஸ்பீக்கர் படத்தில் வலது பொத்தானை அழுத்தி 'வால்யூம் மிக்சர்' திறங்கள். பொது அளவு முழுதாக இருந்தும், உலாவிக்கு உரிய அளவு மட்டும் சுழியில் இருக்கலாம்.

இ) அவுட்புட் கருவி மாறியிருக்கிறதா என்று பாருங்கள். புதிய மானிட்டரை எச்டிஎம்ஐ கம்பியில் இணைத்ததும், விண்டோஸ் சில சமயம் ஒலியையும் அந்த மானிட்டருக்கே அனுப்பத் தொடங்கிவிடும். மானிட்டரில் ஸ்பீக்கரே இருக்காது.

ஈ) புளூடூத் ஹெட்செட்டில் பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல் இருந்தால், வேறொரு பக்கத்தில் பிள்ளைகளின் இணைய வகுப்பு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். மைக் வேலை செய்யும்போது பல ஹெட்செட்டுகள் தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும். வகுப்பை மூடினால் சரியாகும்.

உ) ஸ்பீக்கருக்கு மின்சாரம் வருகிறதா, அதன் குமிழ் திறந்திருக்கிறதா? சிரிக்காதீர்கள். இதைப் பார்க்காமல் விட்டு, ஒரு மணி நேரம் வேறெங்கோ தேடியவன் நான்.

அந்தப் படம் தோன்றவில்லை என்றால் பழுது அப்பக்கம். பக்கத்தைத் திறந்தவுடனே பாட்டு வரும் என்று காத்திருக்கிறீர்களா? குரோம் 2018 ஏப்ரலிலும், ஃபயர்ஃபாக்ஸ் 2019 மார்ச்சிலும், கேட்காமலே ஒலிக்கும் பக்கங்களைத் தடுக்கத் தொடங்கின. நீங்களே முக்கோணப் பொத்தானை ஒரு முறை அழுத்த வேண்டும். அழுத்தியும் வரவில்லையென்றால் வேறு உலாவியில் திறந்து பாருங்கள். அதிலும் வராவிட்டால் வேறு தளத்து மாதிரியைக் கேளுங்கள். அது ஒலித்தால், முதல் தளத்தில்தான் கோளாறு. நம் வீட்டில் ஒன்றும் கெடவில்லை. விட்டுவிடுங்கள்.

நண்பர் வீட்டில் நான் கண்டது மேலே 'இ' என்று சொன்ன பழுது. மகன் அந்த மாதம்தான் புது மானிட்டர் வாங்கியிருந்தார். ஸ்பீக்கரின் பெயரைத் தேர்ந்தெடுத்ததும் ஒலி வந்துவிட்டது. ஆக, பதினெட்டாயிரம் ரூபாய் போனதற்குக் காரணமான பழுது, இரண்டே அழுத்தலில் தீரக்கூடியது.

6. பழைய கோப்புகள்

1990-களில் எழுந்த சில வலைப்பக்கங்களில் இன்னும் பழைய வடிவங்கள் கிடக்கும். பெயரின் கடைசியில் ஆர்ஏ அல்லது ஆர்எம் என்று இருந்தால் அது ரியல்ஆடியோ. உலாவியில் ஒலிக்காது, இறக்கி விஎல்சியில் திறங்கள். ஆர்ஏஎம், எம்3யூ என்று முடிந்தால் அதில் பாட்டே இல்லை. பாட்டு இருக்கும் இடத்தின் முகவரி மட்டும் எழுதிய சீட்டு அது. சில நூறு பைட்தான் இருக்கும். பாட்டைச் சேமித்துவிட்டோம் என்று நினைத்துச் சீட்டை வைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. எம்ஐடி என்று முடிந்தால் அது மிடி. அதுவும் ஒலிப்பதிவு அல்ல. எந்த ஸ்வரத்தை எவ்வளவு நேரம் வாசிப்பது என்ற குறிப்பு. வாசிப்பது நம் கணிப்பொறி. அதில் கமகத்தை எதிர்பார்க்காதீர்கள்.

7. ஏமாறாமல் இருக்க

முதல் விதி: பாட்டின் பெயர் எம்பி3, எம்4ஏ, ஓஜிஜி, வேவ், ஃபிளாக் என்று முடியும். இஎக்ஸ்இ, எம்எஸ்ஐ, ஏபிகே என்று முடிந்தால் அது பாட்டு அல்ல. உங்கள் கணிப்பொறியிலோ கைப்பேசியிலோ குடியேற வரும் நிரல். விண்டோஸ் இந்தக் கடைசிப் பகுதியை மறைத்து வைக்கும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ, ஷோ, ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்று போய் அதைத் தெரியச் செய்துகொள்ளுங்கள்.

இரண்டாம் விதி: 'அறிவிப்புகள் அனுப்பலாமா' என்று ஒரு பாட்டுத் தளம் கேட்டால் 'பிளாக்' என்பதையே அழுத்துங்கள்.

மூன்றாம் விதி: திரை சிவந்து சைரன் ஒலித்தால் பதற வேண்டாம். அது வெறும் வலைப்பக்கம். எஸ்கேப் விசையைச் சில நொடி அழுத்திப் பிடித்துப் பக்கத்தை மூடுங்கள். முடியாவிட்டால் கணிப்பொறியையே நிறுத்துங்கள். மீண்டும் திறக்கும்போது பழைய பக்கங்களைத் திறக்கவா என்று உலாவி கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதில் தெரியும் எண்ணை மட்டும் அழைக்கவே கூடாது. உண்மையான எந்தக் கம்பெனியும் எச்சரிக்கைத் திரையில் தொலைபேசி எண் போட்டு அழைக்கச் சொல்வதில்லை.

நான்காம் விதி: மாதிரி கேட்க அட்டை எண்ணும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். இலவசம் என்பதற்கு அதுதான் அடையாளம்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, 1930 என்ற தேசிய எண்ணிலும் உங்கள் வங்கியிலும் புகார் செய்யுங்கள். பணம் கைமாறிப் போவதற்குள் தடுக்க முடிந்தால்தான் திரும்பக் கிடைக்கும். எங்கள் நண்பர் இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த இரண்டு நாளே நஷ்டம்.

8. மாதிரியை வைத்து எடைபோடுவது

அமெரிக்காவில் ஐடியூன்ஸ் கடை 2003 ஏப்ரலில் திறந்தபோது மாதிரி முப்பது நொடிதான். பிறகு 2010-இல் நீளமான பாட்டுகளுக்குத் தொண்ணூறு நொடி வரை கொடுத்தார்கள். மூன்று நான்கு நிமிடப் பாட்டுக்கு முப்பது நொடி போதும். நம் சங்கீதத்துக்கு அது போதுமா?

பழைய 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம். அதில் முப்பது நொடி என்பது ஆறில் ஒரு பங்கு, ஓரளவு தெரிந்துவிடும். ஆனால் அரைமணி நேர ஆலாபனையில் முதல் முப்பது நொடியில் ஒத்தும் சுருதியும் மட்டுமே கேட்கக்கூடும். டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடிக்குப் பெயர் வந்தது அந்த முதல் முப்பது நொடியாலா? ஆகவே மாதிரியில் பாடகரின் முழுத் திறமையைத் தேடாதீர்கள். பதிவு தெளிவாக இருக்கிறதா, இரைச்சல் எவ்வளவு, நாம் தேடிய பாட்டுத்தானா என்ற மூன்றை மட்டும் பாருங்கள். மாதிரியைச் சில தளங்கள் குறைந்த தரத்தில் வைப்பதும் உண்டு. தம்பூராவின் மேல்ஒலிகள் மங்கலாகக் கேட்டால், அது விற்கும் பதிவின் குறையாக இருக்க வேண்டியதில்லை.

வாங்கும் எண்ணம் இல்லாமல் கேட்டுப் பழக விரும்புவோர், 1996-இல் அமெரிக்காவில் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச மின்நூலகத்தில் பயிற்சி செய்யலாம். ஒலிப்பதிவுப் பக்கங்களில் பிளேயர் அந்தப் பக்கத்திலேயே இருக்கும். எதையும் சேர்க்கச் சொல்லாது.

முடிவாக

நண்பர் வீட்டில் துணியை எடுத்து, கணிப்பொறியைச் சுத்தம் செய்து, சந்தேகமான நிரல்களை நீக்கி, கடவுச்சொற்களை வேறு கருவியிலிருந்து மாற்றி, ஸ்பீக்கரைச் சரிசெய்தோம். அந்த அம்மாள் கதவருகிலேயே நின்றுகொண்டிருந்தார். "தம்பி, இதைத் தொறந்தா மறுபடியும் காசு போயிடுமோ?" என்று கேட்டார். "போகாதும்மா. நீங்க இந்த முக்கோணத்தை மட்டும் அழுத்துங்க. வேற எது மின்னினாலும் தொடாதீங்க" என்றேன். ஒரு விரலால் தயங்கித் தயங்கி அழுத்தினார். ஒத்து ஊதும் சத்தம் வந்ததுமே, "இது எங்க ஊர்க் கோயில் சத்தம்" என்று உட்கார்ந்துவிட்டார். அன்று கேட்டது முப்பது நொடி மாதிரிதான். மகன் அந்தப் பதிவை முழுவதுமாக முறைப்படி விலை கொடுத்து வாங்கிவிட்டார்.

வெளியூரில் வாழும் நம் வீடுகளில் இப்படி வாய் திறந்து கேட்காத பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு அரைமணி நேரம் ஒதுக்கி, மேலே சொன்ன நான்கு அமைப்புகளையும் செய்து, அவர்களுக்குப் பிடித்த ஒரு பாட்டை ஓடவிட்டுப் பாருங்கள். முக்கோணத்தை அவர்கள் கையாலேயே அழுத்தச் சொல்லுங்கள்.